குழலில் மிஞ்சிய மஞ்சள் தூள்

நாத்தனார் கடையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், மழை பிடித்துக்கொண்டிருந்தது. மடக்குக் கட்டிலைத் தனியாக இறக்கப் பார்த்து, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். மேலே நின்றிருந்த தம்பி மனைவி பஞ்சு இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்தாள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுகிறவருக்குச் சண்டை போட்டவளே கட்டில் தூக்கிக்கொடுக்கும் கூத்தை, எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இடது பக்கம் சாய்ங்க அண்ணி. கைப்பிடி இடிக்குது.”

“எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் வழி சொல்ல வேண்டாம்.”

“சரி, இடிச்சுக்கங்க.”

இடித்துக்கொண்டார். முழங்கையைத் தேய்த்தபடி, அதற்கும் பஞ்சுதான் காரணம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

கட்டில், கால் ஊறவைக்கும் தொட்டி, துண்டுகள், முடி உலர்த்தும் மெஷின் எல்லாம் வண்டியில் ஏறின. காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுக் குழல் பெட்டிகள் மூன்று இருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டவர், மூன்றாவதைப் படியிலேயே வைத்தார். “இது உனக்கு. நாளைக்கு எவளும் என்னைப் பழிக்கக் கூடாது.” வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு தலையை வெளியே நீட்டினார். “நீ யோக்கியமாவே இரு. யோக்கியமா இருந்து யார் காதுக்கு விளக்கேத்தறேன்னு நானும் பாக்கறேன்.”

வண்டி போய்விட்டது. பஞ்சு மாடிக்கு ஏறிவந்து, கட்டில் இருந்த இடத்தில் தரையில் தெரிந்த நான்கு கால் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அண்ணி மீது கோபப்பட அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

பஞ்சு என்பது அவள் பெயர் அல்ல. குடிநீர் விநியோகம் செய்யும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் மண் வருகிறவர்கள், வராத தண்ணீருக்கு ரசீது வந்தவர்கள் எல்லோரும் ஹெட்போன் வழியாக அவள் காதுக்குள் இறங்கித்தான் கத்துவார்கள். கத்துகிறவர்களிடம் நன்றி சொல்லித்தான் பேச்சை முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டுக்கு வந்தால் கரண்டி விழுகிற சத்தம்கூடப் பொறுக்காது. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சமைப்பாள். புருஷன் பேசினால் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்வாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன்தான் முதலில் கூப்பிட்டான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கடைசி வருடம் தூக்கமும் போயிற்று. படுத்தால் காதுக்குள் யாரோ புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டாள், தலையணை மாற்றினாள், பக்கம் மாற்றிப் படுத்தாள். எதுவும் பலிக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணிக்குக் கடைத்தெருவில், மாடியில், இரண்டு அறை கொண்ட ஒரு பார்லர் இருந்தது. முன்னறையில் முடி வெட்டுவார். பின்னறையில் ஒரு கட்டில்.

“படு.”

“எனக்கு எதுவும் வேண்டாம் அண்ணி, முகமெல்லாம்—”

“முகத்துக்கு யாரு செய்யறா? இருக்கற முகமே போதும். ஒருக்களிச்சுப் படு. பேசாத.”

காதில் ஏதோ மெல்லச் சொருகியது தெரிந்தது. தலைக்கு மேலே எங்கோ தீக்குச்சி உரசும் ஓசை. அப்புறம் தூரத்தில் அடுப்பு எரிவதுபோல ஒரு மெல்லிய படபடப்பு. தோளில் அண்ணியின் உள்ளங்கை இருந்தது. அது அசையவே இல்லை. பஞ்சுவுக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். கண்விழித்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கன்னத்தில் துண்டின் கோடுகள். முன்னறைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போக முடி அலங்காரம் செய்ய வந்த ஒரு குடும்பத்தையே, “கரண்ட் இல்ல, நாளைக்கு வாங்க” என்று மின்விசிறி சுற்றுகிற சத்தத்தோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

பஞ்சு அடுத்த மாதமே வேலையை விட்டாள். மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழோடு வந்து, பின்னறையைத் தனதாக்கிக்கொண்டாள்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துணியைத் தேன்மெழுகில் தோய்த்து உருட்டிய ஒரு முழ நீளக் குழல், உள்ளே வெற்று. நடுவில் ஓட்டை போட்ட காகிதத் தட்டு, மெழுகு சொட்டினால் அதில் விழ. முடியையும் கழுத்தையும் மூட ஈரத் துண்டு. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், கத்தரிக்கோல். வந்தவர் ஒருக்களித்துப் படுக்க, மேலே இருக்கும் காதில் குழலின் குறுகிய முனையை வைத்து, மறுமுனையைக் கொளுத்த வேண்டும். சாம்பல் நீளும்போது நறுக்கித் தண்ணீரில் போட வேண்டும். நாலு விரல் மிஞ்சும்போது எடுத்து அணைத்துவிட வேண்டும். ஒரு காதுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் இரண்டு மூன்று தடவை, “சூடா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்பாள். “ம்ஹூம்” என்று வந்தால் விழித்திருக்கிறார்கள். பதிலே வராவிட்டால் தூங்கிவிட்டார்கள். பதில் வராத நாள்களில் பஞ்சுவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது.

கடைசிக் காட்சி அண்ணியுடையது. மிஞ்சிய துண்டைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து விரித்துக் காட்டுவார். உள்ளே மஞ்சள் தூளும் பழுப்புப் பிசினுமாக இருக்கும். “பாருங்க, எத்தனை வருஷத்துச் சரக்கு!” வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆசையாகப் பார்ப்பார்கள். ஒருவர் அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கே எடுத்துப் போனார். “நீ சொல்றது ஏன் எனக்குக் கேக்கலன்னு என் பொண்டாட்டி வருஷக்கணக்கா கேக்கறா. இப்பக் காட்டறேன்.”

ஒரு மழை நாளில் யாரும் வரவில்லை. பெட்டியில் வளைந்துபோன குழல் ஒன்று கிடந்தது. ஆளுக்கு வைக்க உதவாது. பஞ்சு அதை ஒரு வெறும் டம்ளரில் நிறுத்திக் கொளுத்தினாள், வாசனைக்காக. அணைந்ததும் கை பழக்கத்தில் பிளந்துவிட்டது. உள்ளே அதே மஞ்சள் தூள், அதே பழுப்புப் பிசின். இன்னொன்றைக் கொளுத்திப் பார்த்தாள். அதிலும் அதுவே. டம்ளருக்குக் காது கிடையாது.

அண்ணி முன்னறையில் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பஞ்சு இரண்டு துண்டுகளையும் அவர் முன் வைத்தாள்.

“சரி. அதுக்கு?” என்றார் அண்ணி.

“இது அவங்க காதுலேர்ந்து வரல அண்ணி. எரிஞ்ச மெழுகு.”

“நெருப்பு வெச்சா மெழுகு உருகும். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு குழலை வீணாக்கினியா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்னும் இல்ல, தெரியாதுன்னும் இல்ல. நான் யோசிக்கல. இதோ பாரு, வர்றவங்க தூங்கறாங்களா இல்லையா? எழுந்திருக்கறப்ப நிம்மதியா போறாங்களா இல்லையா?”

“போறாங்க.”

“சும்மா படுத்திருந்துட்டு வந்தேன்னு வீட்டுல போய் எவ சொல்லுவா? உதைப்பாங்க. காதைச் சுத்தம் பண்ணிட்டு வந்தேன்னா, சரின்னு விட்டுடுவாங்க. அந்த மஞ்சத்தூளு அவங்களுக்கு லீவு லெட்டர் மாதிரி.”

பஞ்சுவுக்கு அண்ணி சொன்னதில் பாதி நியாயம் என்றுதான் பட்டது. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு, குழலைப் பிளக்காமல் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவந்தாள். ஆனால் ஒருநாள் ஒரு வாத்தியாரம்மா, “எங்க, எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்கறீங்க?” என்று கேட்டே விட்டார். பஞ்சு சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பதானார்கள். முடி வெட்ட வருகிறவர்கள்கூட அண்ணியைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். “ஊர் காதுல பூ சுத்தினோம்னு நீயே மைக் வெச்சு சொல்லிட்ட. இந்தத் தெருவுல இனிமே என்னால கடை நடத்த முடியாது, நீயே நடத்து” என்றார் அண்ணி. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் கட்டில் படியிறங்கியது.

அண்ணி நாலு தெரு தள்ளி இடம் பிடித்தார். இங்கே மாடியில் பஞ்சு ஒரு பழைய கட்டிலை வாங்கிப் போட்டு, வாசலில் அட்டையில் எழுதி ஒட்டினாள்: ‘இங்கே காது சுத்தம் செய்வதில்லை. அரை மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருக்கலாம்.’

புருஷன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “வியாபாரம் படுத்துடுச்சுன்னு நீயே போர்டு வெச்ச மாதிரி இருக்கு.”

“பொய் சொல்லாம எப்படி எழுதறதுன்னு நீங்க சொல்லுங்க.”

“நான் லிஃப்ட் மெக்கானிக். ‘பழுது, படியில் செல்லவும்’ இதைத் தவிர எனக்கு எழுத வராது.”

ஆள் குறைந்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைகள்தான். அண்ணி தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்து உட்கார்ந்து, பஞ்சு போட்ட டீயையே குடித்தபடி, தம்பியிடம் சொல்வார்: “உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, டீல சர்க்கரை ஜாஸ்தி.” பஞ்சு மூன்றடி தள்ளி நிற்பாள். “உங்க அக்காகிட்டச் சொல்லுங்க, போன வாரம் கம்மின்னு சொன்னாங்க.” அவன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, “மேல கீழ போயிட்டு வர்றதுதான் என் பொழப்பு. ஞாயித்துக்கிழமையாவது லீவு விடுங்க” என்பான். அண்ணி நேராகத் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். பஞ்சுவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். திட்டாக இருந்தாலும் சரி.

ஆறேழு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மா ஒருத்தர் வந்தார். காலை டிரிப் முடிந்து, காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார்.

“காது அடைச்ச மாதிரி இருக்கு. ஊதி விடுவீங்களா?”

“அதெல்லாம் செய்ய மாட்டோம்மா. இந்தக் குழல் அடைப்பை எடுக்காது. படுக்கலாம், அவ்வளவுதான்.”

“அறுபது பிள்ளைங்க கத்தறதைக் கேட்டுட்டு வர்றேன். படுத்தா போதும் தாயே.”

முதலில் வலது காது மேலே வரும்படி படுக்கவைத்துக் குழலைக் கொளுத்தினாள். “சூடா இருக்கா?” என்று கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். இல்லை. மூன்றே நிமிடத்தில் தூங்கிவிட்டாரே என்று பஞ்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை. திருப்பிப் படுக்கவைத்து இடது காதுக்கு வைத்தபோது, டிரைவரம்மா கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். தூக்கம் கலைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மறுபடியும் வந்தார். மறுபடியும் வலது காதுக்குக் குழல் எரிகிறது. “சூடா இருக்கா?” பதில் இல்லை. பஞ்சு சாம்பலை நறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, கட்டிலின் மறுகோடியில் டிரைவரம்மாவின் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல, ஒழுங்காக. தூங்குகிறவருக்கு விரல் ஆடுமா?

“அம்மா?” என்றாள் பஞ்சு. விரல் நிற்கவில்லை. “அம்மா!” குரலை உயர்த்தினாள். ஆடிக்கொண்டே இருந்தது.

பஞ்சு குழலை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். டிரைவரம்மாவை உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு, இடது காதைக் கையால் பொத்தி, சாதாரணக் குரலில் பேரைக் கேட்டாள். பதில் இல்லை. நல்ல காது தலையணைக்குள் புதைந்திருக்க, கேட்காத காது மேலே இருந்திருக்கிறது. அவள் அதைத் தூக்கம் என்று நினைத்து இரண்டு நாள் பெருமைப்பட்டிருக்கிறாள். பதினோரு வருடம் ஜனங்களின் காதுக்குள்ளேயே குடியிருந்தவளுக்கு இது தெரியவில்லை.

முன்னால் வந்து கேட்டாள். “எப்பலேர்ந்து இப்படி?”

“திங்கக்கிழமை காலைல எழுந்தப்பவே. தண்ணி போயிருக்கும்னு நெனச்சேன். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

டாக்டரிடம் போகவேண்டியவர் தன்னிடம் வந்திருக்கிறார். தான் அவரைத் தட்டிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பஞ்சு கடையைப் பூட்டினாள். “மத்தியான டிரிப் இருக்கு” என்ற டிரைவரம்மாவிடம், “வேற ஆளைப் போடச் சொல்லுங்க, எழுந்திருங்க” என்றாள். குரலில் அண்ணியின் அதட்டல் இருந்ததை அவளே கவனித்தாள்.

காது டாக்டரம்மா விறுவிறுவென்று பேசுகிறவர். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தவர், ஒரு மெல்லிய கருவியை விட்டு எதையோ எடுத்துப் பஞ்சில் தடவிக் காட்டினார். கடுகளவு மெழுகு. பக்கத்தில் ஒரு சாம்பல் துணுக்கு.

“இது எப்படி உள்ள போச்சு?”

பஞ்சு சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

“காதுக்குள்ள நெருப்பு! அழுக்கும் எடுக்காது, ஒண்ணும் எடுக்காது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா சவ்வு பொத்துப் போயிருக்கும். தெரியுமா உங்களுக்கு?”

“அழுக்கு எடுக்காதுன்னு தெரியும் டாக்டர். இது தெரியாது.”

“இவங்களுக்கு அடைப்பே இல்ல. திடீர்னு நரம்பு பாதிச்சிருக்கு. பல பேர் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வருவாங்க, அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மூணாம் நாளே கூட்டிட்டு வந்தீங்களே, அதுக்காக உங்களை உக்காரவெச்சுப் பேசறேன். இல்லாட்டி வெளிய அனுப்பியிருப்பேன்.”

சோதனைகள் எடுத்து, அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். திரும்பும் வழியில் டிரைவரம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்று, தன் இடது பக்கம் பஞ்சு வரும்படி இடம் மாறிக்கொண்டார். அப்போதுதான் பஞ்சுவுக்கு அழுகை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். புருஷனைப் பார்க்காமல் நேராக அண்ணியைப் பார்த்துச் சொன்னாள், எல்லாவற்றையும், பெருமைப்பட்டதையும் சேர்த்து. “மஞ்சத்தூளு பொய்னு நான் பெரிய இவளாட்டம் பேசினேன் அண்ணி. உள்ள விழுந்த மெழுகு என் கையால விழுந்தது. நீங்க அன்னைக்கு என்னைத் தூங்க வெச்சதை நான் மறக்கல. ஆனா காதுக்குள்ள இனிமே நான் கொளுத்த மாட்டேன். நீங்களும் வேண்டாம். யாராவது வந்தா பின்னாடி நின்னு, ஒரு காதைப் பொத்திட்டு மெல்லக் கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலைன்னா டாக்டர்கிட்ட அனுப்பிடுங்க.”

அண்ணி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “உன் பொண்டாட்டி ரொம்ப நேரம் பேசறா” என்றார் தம்பியிடம். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அதன் பிறகு வருவதும் குறைந்தது.

டிரைவரம்மாவுக்குக் கேட்கும் திறன் ஆறு வாரத்தில் முக்கால்வாசி திரும்பியது. ஒருநாள் படியேறி வந்தார். “பிள்ளைங்க கத்தறது மறுபடியும் ரெண்டு காதுலயும் கேக்குது. எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, அப்படியே இங்க படுத்துக்கலாம்னு வந்தேன்.”

“நான் இப்ப கொளுத்தறதில்லையேம்மா.”

“யாரு கொளுத்தச் சொன்னா? துண்டைப் போடுங்க.”

பஞ்சு கற்றுக்கொண்டது அப்படித்தான். வெதுவெதுப்பான துண்டு. காதைச் சுற்றி, மடலுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, கழுத்தில் விரல்களால் மெல்ல அழுத்தம். அசையாமல் தோளில் ஒரு கை. மெழுகுவர்த்தி எட்ட, அலமாரியில், சாதாரணமாக எரிந்தது. முதலில் பின்னால் நின்று ஒவ்வொரு காதுக்கும் ஒரு கேள்வி. திரும்பாதவர்களை, அப்படி இதுவரை ஐந்து பேர், கட்டிலில் ஏற்றாமல் டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். மற்றவர்கள் படுத்தார்கள், தூங்கினார்கள், எழுந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். திரும்பவும் வந்தார்கள். எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால், “எங்க அண்ணிகிட்ட” என்பாள். அது வெறும் மரியாதைக்குச் சொன்னது அல்ல. அசையாத அந்தக் கையை மூன்று நாள் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணி கடையை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஒருவர் எழுந்துபோய் அடுத்தவர் வருவதற்குள், துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளுக்கு ஒரு அழைப்புகூட வந்திராத, அண்ணியின் எண்.

“ஒரு பெரியவர் வந்திருக்காரு. காது அடைப்புன்னாரு. பின்னாடி நின்னு இடது காதைப் பொத்திக் கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பவே இல்ல. நேத்துலேர்ந்துதானாம். நான் கொளுத்தல. அந்த டாக்டரம்மா இருக்கற இடத்தை அனுப்பு பஞ்சு. நானே கூட்டிட்டுப் போறேன். சீக்கிரம், ஆளு உக்காந்திருக்காரு.”